சும்மா வந்தவள்

தோட்டத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் காரணமில்லாமல் போக மாட்டார்கள். உப்புத் தீர்ந்திருக்கும், தீப்பெட்டி நமத்துப் போயிருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். வாசலில் ஆள் நிழல் விழுந்தால் "என்ன வேணும்?" என்றுதான் முதலில் கேட்போம். "வாங்க" என்பது அதற்குப் பிறகுதான். அவள் ஒருத்திக்குத்தான் அந்தக் கேள்விக்குச் சொல்ல எதுவும் இருக்காது. "ஒண்ணும் வேணாங்க. சும்மாதான் வந்தேன்" என்பாள்.

மலாயாவில் யோங் பெங்கிலிருந்து மூவார் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவேன். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வரிசையாக நிற்கிறவர்கள் வாயில் மலேரியாவுக்கான கொயினாத் தண்ணீரை ஊற்றி, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். தோட்டத்து ஜனங்கள் என்னை 'டாக்டரையா' என்றார்கள். நானும் மறுத்ததில்லை.

அவள் புல் வெட்டுகிற கூட்டத்தில் வேலை செய்தாள். ஒல்லி உடம்பு, அகலமான நெற்றி, நடையில் அவசரமே கிடையாது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் என் கையைத்தான் பார்ப்பார்கள், புட்டியில் என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்று. அவள் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

என் மனைவிக்கு ஆரம்பத்தில் அவளைக் கண்டால் ஆகாது. அவள் வந்து வாசற்படியோரம் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, "வரேங்கம்மா" என்று எழுந்து போனதும், இவள் உள்ளே போய்க் கரண்டிகளை எண்ணிப் பார்ப்பாள்.

"ஏங்க, ஒண்ணும் வேணாங்கறாளே, என்னமோ பெருசா கேக்கப் போறா பாருங்க. அதுக்குத்தான் இப்பவே வழி போட்டு வைக்கிறா."

"கேட்டாக் குடு. கேக்காட்டி விடு."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒரு வருஷம் போயிற்று. அவள் எதுவும் கேட்கவில்லை. பிறகு என் மனைவிக்கு ஆறாம் மாதத்தில் கரு கலைந்தது. கட்டிலோடு கிடந்தாள். பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் துக்கம் கேட்ட வாயோடு "ஐயாகிட்டச் சொல்லி நம்ம பயலுக்கு ஆஸ்பத்திரியில ஒரு வேலை..." என்று முடித்தார்கள். அவள் ஒரு மத்தியானம் வந்தாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். பொழுது சாய்கிறவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு என் மனைவி சொன்னாள்: "இன்னிக்குத்தாங்க ஒருத்தி என்னைப் பாக்க வந்தா." அதற்குப் பிறகு கரண்டி எண்ணுவது நின்றது.

இனி ஜெபக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூவாரிலிருந்து போதகர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற தகுதியில் நானே நடத்துவேன். முன்பு ரப்பர் தகடு உலர்த்திப் பிறகு பாழாய்க் கிடந்த பழைய புகைக்கூடம்தான் எங்கள் கோவில். சுவரில் புளித்த ரப்பர் வாடை போகவே போகாது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, வரிசையாகப் பெயர் சொல்லி ஜெபிப்பேன். கேட்டது கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சிலுவைக் குறி போடுவேன். போதகர்கூடச் சொல்லித் தராத இந்த ஏற்பாடு என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாருக்கு எத்தனை சிவப்புக் குறி என்று பேசிக்கொள்வார்கள். கங்காணியின் மனைவிக்குத்தான் அதிகம். அவள் முட்டையிடாத கோழிக்குக்கூட விண்ணப்பம் போட்டுக் குறி வாங்கியவள்.

அந்தச் சிவப்புக் குறிகளில் பாதி நான் கொடுத்த கொயினாவுக்குச் சேர வேண்டியவை. அது எனக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

அவள் முதல் முதலாக அங்கே வந்தது, ஒரு ஞாயிறு அரைநாள் வேலை முடிந்து அந்த வழியாகப் போகும்போது. நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். கையில் புல்வெட்டுக் கத்தியோடு வாசலில் வந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் உள்ளே எட்டி நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா அப்பான்னு கூப்பிட்டீங்களே, அவரு எங்கங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உள்ள வந்து உக்காரும்மா, சொல்றேன்" என்றேன். வந்து உட்கார்ந்தாள். விண்ணப்ப நேரத்தில் அவள் முறை வந்தது. நோட்டும் பேனாவுமாக நான் நிமிர்ந்து பார்க்க, எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணும் கேக்க வேணாங்கய்யா. சும்மாதான் வந்தேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும். அவளுக்கு அப்போது பிள்ளை இல்லை; பிள்ளை வேண்டும் என்று கேட்கலாம். அவள் புருஷன் முருக பக்தன், நல்லவன், ஆனால் கள்ளுக் குடிப்பான். அதை நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். ஒன்றும் கேட்க மாட்டாள். 'சும்மாக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் பொறுக்காமல், "சும்மா வந்துட்டுப் போறதுக்கு இது என்ன உன் தங்கச்சி வீடா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "ஆமாங்கய்யா, தங்கச்சி வீட்டுக்கு அப்படித்தானே போவோம்" என்றாள்.

ஏன் அப்படி என்பதை அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். புல்வெட்டுக் கத்தி காலில் பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். காயத்தைக் கழுவிக்கொண்டே, "ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறியே, அவ்வளவு வீறாப்பா உனக்கு?" என்றேன்.

"வீறாப்பு இல்லைங்கய்யா. எங்கப்பா மலாயாவுக்கு வந்தப்ப எனக்கு மூணு வயசு. மூஞ்சி நெனப்புல இல்ல. ஊருக்குத் திரும்பி வர்றவங்க கையில வருசா வருசம் சாமான் குடுத்தனுப்புவாரு. வாசனைச் சோப்பு, சீட்டித்துணி, ரொட்டி டின்னு எல்லாம் வரும். உங்கப்பன் மாதிரி உண்டான்னு ஊரே சொல்லும். பதில் கடுதாசி எழுத வாத்தியாரைக் கூப்பிடுவாங்க. ஆளாளுக்கு என்ன வேணும்னு சொல்லுவாங்க, அவரு எழுதுவாரு. ஒரு தடவை என்னையும் கேட்டாரு. நான் 'அப்பா வரட்டும்னு எழுதுங்க'ன்னேன்."

"எழுதினாரா?"

"சிரிச்சாருங்க. 'அது சாமான் இல்லடி, ஏதாச்சும் சாமான் பேரு சொல்லு'ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. என் பேருல எதுவுமே எழுதாம ஒட்டிட்டாரு."

கல்யாணமானதும் புருஷனை நச்சரித்து மலாயாவுக்குக் கப்பல் ஏற வைத்தது அவள்தான். அப்பா இருந்த தோட்டம் மூவார்ப் பக்கம் என்று மட்டும் தெரியும். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள். மூன்று மாதம் முந்தி செத்துப்போனார் என்றார்கள். அவர் இருந்த லயத்து வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அடுத்த முறை ஊருக்கு அனுப்புவதற்காகக் கட்டி வைத்த சாமான்.

"எல்லாம் உனக்குத்தான்னு குடுத்தாங்க. அதை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? அங்க இருந்த பிள்ளைகளுக்கே குடுத்துட்டேன். ஆணியில ஒரு தலைத்துண்டு தொங்குச்சு, ரப்பர் மரத்துக் கித்தாப்பால் ஒட்டிக் காஞ்சுபோயி. அதை மட்டும் எடுத்துக்கிட்டேன். அது எனக்குன்னு வாங்கினது இல்ல பாருங்க. அவரு கட்டினது."

நான் காயத்தில் மருந்து வைத்துக் கட்டுப் போட ஆரம்பித்தேன்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து அப்பான்னு கூப்பிட்டது கேட்டுச்சு. இந்த அப்பாவையாவது பாத்துரணும்னுதாங்க உள்ள வந்தேன். வந்து பாத்தா நீங்களும் கடுதாசிதான் எழுதிக்கிட்டு இருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கட்டை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கி முடிந்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த அற்பத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேட்காமலே அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அம்மாவின் நெற்றி, அம்மாவின் பார்வை. வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போய், வெயில் ஏறியதும் திரும்புவார்கள். அப்போது மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து தாயின் மடியைத் தடவும், காட்டுப் பழம் ஏதாவது முடிந்து வந்திருக்கிறாளா என்று. இவள் பெண் மடிப்பக்கமே போகாது. நேரே கழுத்தைக் கட்டிக்கொள்ளும். பழம் ஞாபகம் வந்து தாயே எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்தக் காட்சியை ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறேன்.

பெண்ணுக்கு ஐந்து வயதாகும்போது ஒரு மழைக்காலத்தில் தோட்டம் முழுக்கக் காய்ச்சல். கட்டில் போதாமல் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். ஒரு சனிக்கிழமை காலை அவள் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தொட்டுப் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. என்னிடம் மருந்து கேட்டாள், ஈரத்துணி கேட்டாள், பெரிய டாக்டரை வரவழைக்க முடியுமா என்று கேட்டாள். மனிதர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாதவள் அல்ல அவள். டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். மழையில் பாலம் போய்விட்டது என்று ஆள் திரும்பி வந்தான்.

மறுநாள் ஞாயிறு. புருஷனைப் பிள்ளையிடம் இருத்திவிட்டுக் கால்மணி நேரத்துக்கு அவள் புகைக்கூடத்துக்கு வந்தாள். கூடம் நிறைய ஜனம். எல்லா வீட்டிலும் காய்ச்சல் அல்லவா? அவள் முறை வந்தது.

கங்காணியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்காவது வாயைத் தொறந்து கேளுடி. புள்ளையை வச்சுக்கிட்டு வெளையாடாத" என்றாள்.

அவள் எழுந்தாள். உதடு அசைந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சும்மாதான் வந்தேன்" என்று பாதிக் குரலில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

என் கையில் பேனா இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். அன்று காலைதான் அதன் வாயில் மருந்து ஊற்றிவிட்டு வந்திருந்தேன். யாரும் கேட்காமல் நானே அந்தப் பெயரை எழுதியிருக்கலாம். கேட்காதவர்களுக்கு எழுதுகிற வழக்கமில்லை என்று நினைத்தேன். நிஜத்தைச் சொன்னால், இப்போதாவது இவள் கேட்கட்டும் என்ற பிடிவாதமும் எனக்குள் இருந்தது. "அடுத்து யாரு?" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நடுமத்தியானம், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, பெண் போய்விட்டது.

சாயங்காலம் மலையோரத்துப் பழைய மரங்களுக்குப் பின்னால் புதைத்தோம். குழியில் இறக்கும்போது அவள் அந்தத் தலைத்துண்டை எட்டாக மடித்துப் பிள்ளையின் தலைக்கு அடியில் வைத்தாள். கங்காணியின் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே, "கேட்டிருந்தா குடுத்திருப்பாரு" என்றாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. எல்லோருக்கும் கேட்டது. நான் வேதத்தை மூடி வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு எல்லோரும் கலைந்த பிறகு வந்து வாசலிலேயே நின்றாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப இருந்தேன்.

"ஐயா, அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க."

"எதும்மா?"

"சும்மா வந்தேன்னது. கேக்கத்தான் வந்தேன். மூணு நாளும் உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எல்லாரு முன்னாலயும் வாய் வரல."

"அதுல என்னம்மா தப்பு? பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா?"

"தப்புன்னு சொல்லலைங்க. குடுக்கலைன்னு கோவம்கூட இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா இது வேற." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மூணு நாளும் எனக்கு அவரு நெனப்பே இல்லைங்க. அவரு கையை மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், குடுக்குமா குடுக்குமான்னு. இப்பப் புள்ளையும் இல்ல. அவரையும் காணோம். முன்னெல்லாம் இங்க வந்து உக்காந்தா பக்கத்து அறையில ஆள் இருக்கற மாதிரி இருக்கும். இப்பக் கூப்பிட்டா ஒரு சத்தமும் இல்லைங்க. அங்க யாராச்சும் இருக்காங்களாய்யா?"

"இருக்காரும்மா" என்றேன். வேறு எதைச் சொல்ல?

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. வழி தெரிந்த ஆளிடம் வழி கேட்பது போலக் கேட்டாள். என் கையில் இருந்த நோட்டில் சிவப்புக் குறி ஏராளம். எனக்கே பதினேழு இருந்தது. ஆனால் அவள் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கய்யா, வீட்டுக்குப் போங்க, அம்மா தேடுவாங்க" என்று எனக்குச் சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தாள். வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அவள் முறை வரும்போது தலையை மட்டும் ஆட்டுவாள். 'சும்மாதான் வந்தேன்' என்ற பேச்சு போய்விட்டது. கப்பல் வருகிற நாள் தெரியாமல் துறையில் காத்திருக்கிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அவள் முகம். நானும் அவளைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டேன். சிவப்புக் குறி போடுவதையும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டேன். ஜனங்களுக்கு அதில் வருத்தம்தான்.

இப்படி நாலைந்து வருஷம். பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்தினார்கள். துரை ஒரு பட்டியல் போட்டு ஆட்களை ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தார். அதில் அவள் புருஷன் பெயரும் அவள் பெயரும் இருந்தன. திங்கட்கிழமை காலை லாரி.

அதற்கு முந்தின நாள் கூட்டத்துக்கு மொத்தமே எட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே விண்ணப்பம்தான், வேலை போகக் கூடாது. எழுதிக்கொண்டே வந்தேன். அவள் முறை வந்ததும் தலையாட்டுவாள் என்று அடுத்த ஆளைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணு எழுதுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்து வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"சொல்லும்மா."

"அவரு வரட்டும்னு எழுதுங்க."

கங்காணியின் மனைவிக்குத்தான் தாங்கவில்லை. அவளும் அந்தச் சில வருஷத்தில் தளர்ந்துபோயிருந்தாள். குரலில் பழைய அதட்டல் இல்லை. "இது என்னடி விண்ணப்பம்? கப்பல்ல நோய் நொடி இல்லாம ஊர் போய்ச் சேரணும், அங்க ஒரு பொழப்புக் கெடைக்கணும், அப்படிச் சொல்லும்மா" என்றாள்.

"ஊருக்குக் கப்பல் கொண்டுபோயி விட்டுரும்க்கா. பொழப்பு என்னமோ நடந்துரும். எனக்கு இதுதான்."

எழுதினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எழுந்து என் பக்கத்தில் வந்து, "எழுதிட்டீங்களாய்யா? எது அது?" என்றாள். வரியைக் காட்டினேன். மை காய்வதற்கு முன்னால் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரலிலும் கொஞ்சம் மை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

காலையில் லாரி ஏறுவதற்கு முன் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி அவளுக்குக் கொடுக்க ஒரு புடவையை எடுத்து வைத்திருந்தாள். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாள். "புள்ளை எடத்துல புல்லு மண்டாம பாத்துக்கங்கய்யா" என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தாளா, இருக்கிறாளா, தெரியாது.

அந்தத் தோட்டத்தில் நான் இருந்தவரை அந்த இடத்தில் புல் வளர விடவில்லை. இப்போது மூவாரில் இருக்கிறேன். என் மனைவியும் போய்விட்டாள். நோட்டு மட்டும் பெட்டியில் இருக்கிறது. பழைய வரிகளைப் புரட்டினால் கோழி, காய்ச்சல், ஆபீஸ் கிராணியின் மாற்றல் என்று ஒரே சிவப்பாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் விரல் பட்டுக் கலைந்த அந்த வரிக்கு நேரே ஒன்றுமில்லை. அவளுக்கு அது கிடைத்ததா என்று தெரியாமல் நான் எப்படிக் குறி போட முடியும்? எனக்கும் கிடைக்கவில்லை.

இங்கே கோவிலில் வாலிபப் போதகர் ஒருவர் இருக்கிறார். தங்கமான பிள்ளை. ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்களுக்கு என்ன விண்ணப்பம்?" என்று வாராவாரம் கேட்பார். முட்டிவலி என்று ஏதோ சொல்லிவைப்பேன். எல்லோரும் போன பிறகு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, அவள் எழுதச் சொன்ன வரியை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்வேன். பதிலுக்குச் சத்தம் எதுவும் வராது. போன ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன்.